கருவின் நாட்காட்டி: எது எப்போது உருவாகிறது?

மருத்துவச் சீட்டில் 'ஆறு வாரக் கர்ப்பம்' என்று எழுதியிருந்தால், உள்ளே இருக்கும் கருவுக்கு வயது நான்கு வாரம்தான். கடைசி மாதவிடாய் தொடங்கிய நாளிலிருந்து எண்ணுவது மருத்துவ வழக்கம். அந்த நாளில் கரு கிடையாது. அதற்கு அடிப்படையான சினைமுட்டையே இன்னும் முதிர்ந்திருக்காது. ஏறத்தாழ 14 நாள் கழித்துத்தான் முட்டை வெளிவந்து விந்தணுவைச் சந்திக்கிறது. ஆகவே 40 வாரம், அதாவது 280 நாள் என்று சொல்லப்படும் கர்ப்பகாலத்தில் கரு உண்மையில் வளர்வது 38 வாரம், 266 நாள். மாதவிடாய்த் தேதியைப் பெண்ணால் சொல்ல முடியும்; கருவுற்ற தேதி பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. அதனால் இந்த வழக்கம் நிலைத்துவிட்டது. கடைசி மாதவிடாயின் முதல் நாளோடு ஏழு நாள் கூட்டி, மூன்று மாதத்தைக் குறைத்து, ஓராண்டு சேர்த்துப் பிரசவத் தேதியைக் கணிக்கும் முறை, 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய மருத்துவர் ஃபிரான்ஸ் நேகலேயின் பெயரில் இன்றும் வழங்குகிறது.

இரண்டு வார வித்தியாசம் அற்பமாகத் தோன்றலாம். ஆனால் மனித உடலின் அடிப்படை அமைப்பு முழுவதும் எட்டே வாரத்தில் உருவாகிவிடுகிறது. அதில் இரண்டு வாரம் தவறிப்போனால், எந்த உறுப்பைப் பற்றிப் பேசுகிறோம் என்பதே மாறிவிடும். ஆகவே இந்தக் கட்டுரையில், வேறாகச் சொல்லாத இடங்களில், நாட்களும் வாரங்களும் கருவுற்ற கணத்திலிருந்து எண்ணப்படுகின்றன. வாரத்துக்கு ஒரு பழத்தின் பெயரைச் சொல்லிக் கருவின் அளவை விளக்கும் அட்டவணைகள் பரவலாகச் சுற்றுகின்றன. முதல் எட்டு வாரத்தில் கருவைப் பற்றிச் சொல்லக்கூடியவற்றுள் மிகச் சாரமற்ற செய்தி அதன் அளவுதான். எந்த நாளில் எது உருவாகிறது, அது எதற்காகக் காத்திருக்கிறது, தவறினால் திருத்த வாய்ப்பு உண்டா என்பவையே கேட்கத் தகுந்த கேள்விகள்.

கருப்பைக்குள் நடப்பதை நாள் கணக்கில் எப்படி அறிந்தார்கள்? 1914-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் கார்னகி நிறுவனத்தின் கருவியல் துறையை ஃபிராங்க்லின் மால் தொடங்கினார். கருச்சிதைவுகளிலும் அறுவைச் சிகிச்சைகளிலும் கிடைத்த கருக்களைச் சேகரித்து, மெல்லிய சீவல்களாக வெட்டி, ஒவ்வொன்றையும் நுண்ணோக்கியில் பார்த்து வரிசைப்படுத்தினார்கள். அந்த உழைப்பின் விளைவுதான் இன்று உலகம் முழுவதும் பயன்படும் 23 கார்னகிப் படிநிலைகள். கருவின் முதல் எட்டு வாரத்தை அவை அளவைக் கொண்டு பிரிக்கவில்லை. தோன்றிய உறுப்புகளைக் கொண்டு பிரித்தன. மிக ஆரம்ப நாட்களுக்கான கருக்கள் வேறு வழியில் கிடைத்தன. பாஸ்டனில் ஜான் ராக், ஆர்தர் ஹெர்டிக் என்ற இரு மருத்துவர்கள் 1938 முதல் பல ஆண்டுகள், கருப்பை நீக்க அறுவைச் சிகிச்சைக்கு வந்த பெண்களின் கருப்பைகளை ஆராய்ந்து, முதல் பதினேழு நாட்களைச் சேர்ந்த 34 கருக்களைக் கண்டெடுத்தார்கள். பாடநூல்களில் முதல் இரண்டு வாரத்துக்குக் காட்டப்படும் உன்னதமான படங்களில் பல அவற்றிலிருந்து வந்தவை. இன்று நாம் எதிர்பார்க்கும் வகையிலான ஒப்புதல் அந்தக் காலச் சேகரிப்புகளில் பலவற்றுக்குப் பெறப்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கருவுறுதல் கருக்குழாயின் அகன்ற பகுதியில் நடக்கிறது. விந்தணு நுழையும்வரை சினைமுட்டை தன் குன்றல் பகுப்பை, அதாவது குரோமோசோம்களைப் பாதியாக்கும் செல் பிரிவை, முடிப்பதில்லை, பாதியிலேயே நின்றிருக்கிறது. அந்தப் பகுப்பு தொடங்கியது அந்தப் பெண் தன் தாயின் வயிற்றில் இருந்தபோது. பெண் சிசுவுக்குச் சினைமுட்டைக்கான செல்கள் எல்லாம் பிறப்பதற்கு முன்பே உருவாகி, முதல் கட்டத்திலேயே உறைந்து நிற்கின்றன. கர்ப்பத்தின் 20-ஆம் வாரம் வாக்கில் அறுபது, எழுபது லட்சமாக இருக்கும் அவை, பிறக்கும்போது பத்து, இருபது லட்சமாகக் குறைந்துவிடும். ஒரு முட்டை முப்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து பகுப்பை முடிக்கும்போது குரோமோசோம்கள் சரியாகப் பிரியாமல் போவதற்கான வாய்ப்பு கூடுகிறது. தாயின் வயதோடு, ஒரு குரோமோசோம் கூடுதலாக இருக்கும் டவுன் நோய்க்குறியின் வாய்ப்பு ஏறுவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

விந்தணு ஒன்று நுழைந்ததும் முட்டைக்குள் கால்சியம் அலை ஒன்று பரவி, வெளியுறை மாறி, மற்றவற்றுக்கு வழி அடைபடுகிறது. பிறகு செல்கள் இரண்டாகி, நான்காகி, எட்டாகின்றன. இந்த நாட்களில் கரு வளர்வதில்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். மொத்த உருவம் ஏறக்குறைய அதே அளவில் இருக்க, செல்கள் மட்டும் சிறிதாகிக்கொண்டே போகின்றன. முதல் இரண்டு மூன்று நாள் முட்டையில் தாய் சேமித்து வைத்த பொருட்களை நம்பியே எல்லாம் நடக்கிறது. நான்கு முதல் எட்டு செல் நிலையில்தான் கருவின் சொந்த மரபணுக்கள் முழு வேகத்தில் வேலையைத் தொடங்குகின்றன. ஐந்தாம் நாளில் உள்ளே திரவம் நிறைந்த கருக்கோளம் தயார். அதன் வெளிச்சுவர் செல்கள் நஞ்சுக்கொடியாகப் போகின்றன. உள்ளே ஒரு பக்கம் ஒதுங்கிய சிறு செல் கூட்டத்திலிருந்தே குழந்தை உருவாகிறது. அதாவது கரு எடுக்கும் முதல் முடிவு, 'எது உடல், எது நஞ்சுக்கொடி' என்பதுதான்.

ஆறாம், ஏழாம் நாள் வாக்கில் கருக்கோளம் தன் உறையிலிருந்து வெளிவந்து கருப்பைச் சுவரில் ஒட்டுகிறது. அடுத்த சில நாட்களில் முழுக்க உள்ளே புதைந்துவிடுகிறது. வெளிச்சுவர் செல்கள் எச்.சி.ஜி. என்ற ஹார்மோனைச் சுரக்கத் தொடங்குகின்றன. சிறுநீரில் கர்ப்பத்தைக் காட்டும் பரிசோதனைப் பட்டை தேடுவது அந்த ஹார்மோனைத்தான். தாயின் உடல் அடுத்த மாதவிடாயைத் தொடங்காமல் நிறுத்துவதும் அதுவே. அந்த ஹார்மோன் நேரத்துக்கு வராவிட்டால் மாதவிடாய் வந்துவிடும், கருவும் போய்விடும். இப்படி யாருக்கும் தெரியாமலே முடிந்துபோகும் கருக்கள் ஏராளம். கர்ப்பம் உறுதியான பிறகும் ஏறத்தாழ பத்தில் ஒன்று முதல் ஐந்தில் ஒன்று வரை கலைந்துவிடுகின்றன. அவற்றில் சுமார் பாதிக்குக் குரோமோசோம் பிழையே காரணம். கனமான பொருளைத் தூக்கியதோ, படியேறியதோ, மனக்கவலையோ இதற்குக் காரணம் என்று பெண்ணைக் குற்றம் சொல்லும் பேச்சுக்குப் பெரும்பாலான நேரங்களில் உயிரியலில் இடமே இல்லை.

முதல் இரண்டு வாரத்துக்கு ஒரு தனித்தன்மை உண்டு. அப்போது ஏற்படும் பாதிப்பு கருவை ஒன்று அழித்துவிடும், அல்லது எஞ்சிய செல்கள் இழப்பை ஈடுகட்டி எந்தக் குறையும் இல்லாமல் வளரும். செல்கள் இன்னும் தங்கள் பணியை முடிவு செய்துகொள்ளாததே இந்த நெகிழ்வுக்குக் காரணம். ஒரே முட்டையிலிருந்து இரட்டையர் பிறப்பதும் இதே நெகிழ்வால்தான். முதல் மூன்று நாளுக்குள் பிரிந்தால் இருவருக்கும் தனித்தனி நஞ்சுக்கொடி, தனித்தனிப் பனிக்குடம். நான்கு முதல் எட்டு நாளுக்குள் என்றால் நஞ்சுக்கொடி ஒன்று, பனிக்குடம் இரண்டு; இதுவே அதிகம் காணப்படுவது. அதற்கும் பிந்தினால் பனிக்குடமும் பொது. இரண்டு வாரத்தை நெருங்கிப் பிரிந்தால் பிரிவு முழுமை பெறாமல் ஒட்டிப் பிறக்கும் இரட்டையர் உருவாகலாம். ஒரே நிகழ்வு, நாலைந்து நாள் தள்ளி நடந்தால் முற்றிலும் வேறான கர்ப்பமாகிறது. ஒற்றை நஞ்சுக்கொடியைப் பகிரும் இரட்டையருக்குள் இரத்தம் சமமின்றிப் பாயும் ஆபத்து இருப்பதால், முதல் மூன்று மாதத்துக்குள் ஸ்கேனில் நஞ்சுக்கொடிகளின் எண்ணிக்கையைக் கண்டுகொள்வதில் மருத்துவர்கள் அவ்வளவு கவனம் காட்டுகிறார்கள்.

பதினைந்தாம் நாள் வாக்கில் தட்டையான கருவட்டின் நடுவே ஒரு கோடு தோன்றுகிறது. ஆதிக்கோடு என்று பாடநூல்கள் அழைக்கும் இதன் வழியாக மேல்தளச் செல்கள் உள்ளே இறங்கி, மூன்று அடுக்குகளாகப் பரவுகின்றன. புற அடுக்கிலிருந்து தோலும் நரம்பு மண்டலமும். நடு அடுக்கிலிருந்து தசை, எலும்பு, இதயம், சிறுநீரகம், இரத்தம். அக அடுக்கிலிருந்து குடல், நுரையீரல், கல்லீரல் ஆகியவற்றின் உட்பகுதி. கோடு தோன்றிய கணத்திலிருந்து கருவுக்குத் தலைப்பக்கம், கால்பக்கம், இடம், வலம் எல்லாம் உண்டு. மூளையும் தோலும் ஒரே அடுக்கின் பிள்ளைகள் என்பது முதலில் படிக்கும்போது யாரையும் கொஞ்சம் நிறுத்திவைக்கும். சில பிறவி நோய்கள் தோலில் புள்ளிகளையும் மூளையில் கட்டிகளையும் ஒரே நேரத்தில் உண்டாக்குவதை இந்த உறவோடு சேர்த்துப் பார்க்கலாம்.

செல்களுக்கு 'நீ இதுவாக மாறு' என்று யார் சொல்வது? 1924-இல் வெளியான ஆய்வில் ஹான்ஸ் ஸ்பீமனும் ஹில்டே மாங்கோல்டும் நீர்ப்பல்லிக் கருவில் ஒரு சிறு திசுவை வெட்டி, இன்னொரு கருவின் வயிற்றுப் பக்கத்தில் ஒட்டினார்கள். அந்த இடத்தில் இரண்டாவதாக ஓர் உடல் அச்சே எழுந்தது. அதில் பெரும்பகுதி, திசுவை ஏற்றுக்கொண்ட கருவின் சொந்தச் செல்களால் ஆனது. ஒட்டிய திசு, அண்டை செல்களுக்கு ஆணையிட்டிருக்கிறது. ஸ்பீமனுக்கு 1935-இல் நோபல் பரிசு கிடைத்தது. மாங்கோல்ட் கட்டுரை வெளியான ஆண்டிலேயே ஒரு விபத்தில் இறந்துபோனார். மரபணுக்களில் முழு உடலின் வரைபடம் இருக்கிறது என்று பேசுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அந்தப் பேச்சில் திருப்தி இல்லை. கருவில் நடப்பது அண்டை செல்களுக்கு இடையிலான தொடர்ந்த உரையாடல். ஒரு சமிக்ஞை வரும் நேரத்தில் அதைக் கேட்கத் தயாராக இருக்கும் செல்லே அதன்படி மாறும். இரண்டு நாள் தாமதமாக வந்தால் அதே சமிக்ஞைக்கு அந்தச் செல் பதில் தராது.

ஆதிக்கோடு சட்டப் புத்தகத்திலும் ஏறியிருக்கிறது. சோதனைக்குழாய் முறையில் லூயிஸ் பிரவுன் 1978-இல் பிறந்த பிறகு, ஆய்வகத்தில் மனிதக் கருவை எத்தனை நாள் வளர்க்கலாம் என்ற கேள்வி எழுந்தது. பிரிட்டனில் மேரி வார்னாக் தலைமையிலான குழு 1984-இல் 14 நாளை வரம்பாகப் பரிந்துரைத்தது. 1990-இல் அது சட்டமானது. பல நாடுகள் பின்பற்றின. கோடு தோன்றுவதற்குச் சற்று முன், இரட்டையராகப் பிரிவது ஏறக்குறைய முடிவுக்கு வரும் நேரம் என்பதே அந்த எண்ணின் பின்னுள்ள நியாயம். அப்போது அது காகிதத்தில் மட்டுமே இருந்த வரம்பு. யாராலும் அவ்வளவு நாள் வளர்க்க முடியவில்லை. 2016-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் 12, 13 நாள் வரை வளர்த்துக் காட்டின. 2021-இல் ஸ்டெம் செல் ஆய்வுக்கான பன்னாட்டுச் சங்கம், 14 நாளைத் தாண்டும் ஆய்வை அறவே தடைசெய்யப்பட்டவற்றின் பட்டியலிலிருந்து எடுத்து, தனித்தனி ஆய்வுக்கும் அனுமதிக்கும் உரியதாக மாற்றியது. விந்தணுவோ முட்டையோ இல்லாமல், பல வகைத் திசுக்களாக மாறக்கூடிய ஸ்டெம் செல்களிலிருந்தே கருவைப் போன்ற அமைப்புகளை உருவாக்கியதாக 2023-இல் வெளியான ஆய்வுகள் சிக்கலைக் கூட்டின. அவற்றுக்குக் கருவுற்ற நாள் என்று ஒன்றே கிடையாது. 14-ஐ எங்கிருந்து எண்ணுவது?

மூன்றாம் வாரத்தின் முடிவில் புற அடுக்கின் நடுப்பகுதி தடித்து, விளிம்புகள் உயர்ந்து, ஒன்றை நோக்கி ஒன்று வளைந்து குழலாக மூடத் தொடங்குகிறது. மூளையும் தண்டுவடமும் இந்த நரம்புக்குழலிலிருந்து வருபவை. மூடல் கழுத்துப் பகுதியில் தொடங்கி இரு பக்கமும் போகிறது. தலைப்பக்கத் துளை 25-ஆம் நாள் வாக்கிலும், வால்பக்கத் துளை 28-ஆம் நாள் வாக்கிலும் அடைகின்றன. தலைப்பக்கம் மூடாவிட்டால் மூளை வளர வழியில்லை. வால்பக்கம் மூடாவிட்டால் தண்டுவடம் திறந்தபடி குழந்தை பிறக்கும். இப்போது நாட்காட்டியைப் பாருங்கள். 28-ஆம் நாள் என்பது மாதவிடாய் தள்ளிப்போய் இரண்டே வாரம். பல பெண்களுக்குக் கர்ப்பம் உறுதியாகி, முதல்முறை மருத்துவரைப் பார்ப்பதற்குள் இந்த வேலை முடிந்துவிடுகிறது.

ஃபோலிக் அமிலத்தைக் கர்ப்பத்துக்கு முன்பே தொடங்கச் சொல்வது இதனால்தான். நரம்புக்குழல் குறையோடு ஒரு குழந்தை ஏற்கெனவே உருவாகியிருந்த பெண்களிடம் பிரிட்டனின் மருத்துவ ஆய்வு மன்றம் ஏழு நாடுகளில் நடத்திய ஆய்வு 1991-இல் வெளிவந்தது. ஃபோலிக் அமிலம் எடுத்தவர்களிடம் குறை மறுபடி வருவது 72 சதவீதம் குறைந்திருந்தது. பொதுவாகப் பெண்களுக்குப் பரிந்துரைக்கப்படுவது நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம். மூன்றாம் மாதத்தில் தொடங்கினால் தாய்க்கு நன்மை இருக்கலாம். நரம்புக்குழலுக்கு அதனால் எதுவும் இல்லை. கர்ப்பங்களில் பெரும்பகுதி திட்டமிடப்படாதவை என்பதால், மாத்திரையை மட்டும் நம்பாமல் மாவிலேயே ஃபோலிக் அமிலம் சேர்ப்பதைப் பல நாடுகள் கட்டாயமாக்கியுள்ளன. தனிமனித ஒழுங்கை நம்பி வைத்த திட்டத்தைவிட இது அறிவுடையது என்பது என் கருத்து.

இதே நாட்களில், 22-ஆம் நாள் வாக்கில், இதயம் துடிக்கத் தொடங்குகிறது. அறைகள் பிரிந்த இதயம் அப்போது இல்லை, ஒற்றைக் குழாய்தான். வேலை செய்துகொண்டே தன்னைக் கட்டிக்கொள்ளும் உறுப்பு இது. குழாய் மடிந்து, சுவர்கள் எழுந்து, எட்டாம் வாரத்துக்குள் நான்கு அறைகளாகிறது. இவ்வளவு வளைவும் இணைப்பும் தேவைப்படுவதால் தவறுக்கும் இடம் அதிகம்: பிறவிக் குறைகளில் இதயக் குறைகளே மிகப் பரவலானவை, நூறு குழந்தைகளில் ஏறத்தாழ ஒன்றுக்கு.

நான்காம் வார முடிவில் கை மொட்டுகளும், ஓரிரு நாள் பிந்திக் கால் மொட்டுகளும் தெரிகின்றன. விரல்கள் முளைத்து வருவதில்லை. முதலில் துடுப்புப் போன்ற ஒரு தட்டு; இடைப்பட்ட செல்கள் திட்டமிட்டபடி இறந்துபோக, விரல்கள் தனித்தனியாக எஞ்சுகின்றன. இந்த வாரங்கள் எவ்வளவு கூர்மையானவை என்பதை உலகம் கற்றுக்கொண்ட விதம் கொடியது. 1957-இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு, தூக்கத்துக்கும் காலைக் குமட்டலுக்கும் பாதுகாப்பான மருந்து என்று விளம்பரப்படுத்தப்பட்டது. 1961-இல் விதுகிண்ட் லென்ஸ், வில்லியம் மெக்பிரைடு என்ற மருத்துவர்கள் தனித்தனியே எச்சரித்து, மருந்து திரும்பப் பெறப்படுவதற்குள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கை கால் குறைகளோடு பிறந்துவிட்டன. அமெரிக்காவில் ஃபிரான்சிஸ் கெல்சி என்ற அதிகாரி ஆதாரம் போதாது என்று அனுமதியை இழுத்தடித்ததால் அங்கு அது அப்போது விற்பனைக்கே வரவில்லை.

தாய்மார்கள் மாத்திரை எடுத்த தேதிகளை ஒப்பிட்டபோது ஒரு வரிசை தெரிந்தது. ஆபத்தான காலம் ஏறத்தாழ 20-ஆம் நாள் முதல் 36-ஆம் நாள் வரை. அதில் முதல் நாட்களில் எடுத்தவர்களின் குழந்தைகளுக்குக் காதிலும் முக நரம்பிலும் குறை, அடுத்து கைகளில், அதற்கும் பிறகு கால்களில். அந்தச் சாளரத்துக்குப் பிறகு எடுத்த பலரின் குழந்தைகள் முழுக் கை கால்களோடு பிறந்தன. மருந்து அதே மருந்து, அளவும் அதே அளவு. அது செல்லுக்குள் என்ன செய்கிறது என்பது வெகு பிந்தியே தெரிந்தது: 2010-இல் ஜப்பானியக் குழு ஒன்று அது பற்றிக்கொள்ளும் செரிப்ளான் என்ற புரதத்தைக் கண்டது, 2018-இல் அந்தப் பற்றுதலால் உறுப்பு வளர்ச்சிக்குத் தேவையான சால்4 புரதம் சிதைக்கப்படுவது வெளிப்பட்டது.

நஞ்சுக்கொடி எதையும் வடிகட்டிவிடும் என்ற நம்பிக்கை தாலிடோமைடு துயரம் வெளிப்படுவதற்கு இருபது ஆண்டு முன்பே உடைந்திருக்க வேண்டியது. 1941-இல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக், கண்புரையோடு பிறந்த குழந்தைகள் ஒரே காலத்தில் குவிவதைக் கவனித்து, தாய்மாருக்குக் கர்ப்பத்தின் தொடக்கத்தில் ரூபெல்லா என்ற வைரஸ் நோய் வந்திருந்ததைக் கண்டறிந்தார். தாயின் இரத்தமும் சிசுவின் இரத்தமும் கலப்பதில்லை என்பது உண்மை. மெல்லிய திசு ஒன்று இடையில் நிற்கிறது. ஆக்சிஜனும் குளுக்கோஸும் தாயின் எதிர்ப்புப் புரதங்களும் அதைக் கடக்கின்றன; மதுவும் நிக்கோட்டினும் சில வைரஸ்களும் கடக்கின்றன.

எட்டாம் வார முடிவில் கருவின் நீளம் மூன்று சென்டிமீட்டர் அளவுதான். முக்கிய உறுப்புகள் எல்லாவற்றுக்கும் அடித்தளம் போட்டாயிற்று. இதற்குப் பிறகே அதைச் சிசு என்கிறார்கள். எஞ்சிய முப்பது வாரம் பெரும்பாலும் வளர்ச்சியும் முதிர்ச்சியும். விதிவிலக்குகள் உண்டு. குடல், வயிற்றில் இடம் போதாமல் ஆறாம் வாரத்தில் தொப்புள்கொடிக்குள் வெளியேறி, சுழன்று, பத்தாம் வாரத்தில் உள்ளே திரும்புகிறது. ஆகவே மருத்துவக் கணக்கில் பத்தாம் வார ஸ்கேனில் குடல் வெளியே தெரிந்தால் அது இயல்பு. பதினான்காம் வாரத்தில் அதே காட்சி பிறவிக் குறை. ஏழாம் வாரம்வரை ஆண் கருவுக்கும் பெண் கருவுக்கும் உள்ளுறுப்பில் வேறுபாடு இல்லை. இருபாலுக்குமான இனப்பெருக்கக் குழாய்களும் எல்லாரிடமும் இருக்கின்றன.

மூளை இந்த ஒழுங்குக்கு அடங்குவதில்லை. அதற்கு ஒற்றைச் சாளரம் கிடையாது. நரம்புச் செல்கள் பெருகுவதும் இடம்பெயர்வதும் நடுப்பகுதிவரை. மடிப்புகள் பெருகுவது கடைசி மாதங்களில். இணைப்புகள் பிறந்த பிறகும் ஆண்டுக்கணக்கில். மதுவுக்குக் கர்ப்பத்தில் பாதுகாப்பான காலம் என்று ஒன்றைக் குறிக்க முடியாமல் போவதற்கு இதுதான் காரணம்.

நுரையீரல் கடைசிவரை இழுத்தடிக்கும் உறுப்பு. காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபேக்டன்ட் என்ற பொருள் மருத்துவக் கணக்கில் 24-ஆம் வாரம் வாக்கில் சுரக்கத் தொடங்கி, 34, 35 வாரத்தில்தான் போதிய அளவை எட்டுகிறது. குறைமாதக் குழந்தைகள் மூச்சுத் திணறி இறந்ததற்கு இதன் பற்றாக்குறையே காரணம் என்று மேரி எல்லன் ஏவரி 1959-இல் காட்டினார். நியூசிலாந்தில் கிரஹாம் லிக்கின்ஸ், ஆட்டுக்குட்டிகளில் ஆராய்ந்துகொண்டிருந்தபோது, ஸ்டீராய்டு கொடுக்கப்பட்ட குறைமாதக் குட்டி எதிர்பார்த்ததைவிட நன்றாக மூச்சுவிடுவதைக் கவனித்தார். அவரும் ராஸ் ஹோவியும் 1972-இல் பெண்களிடம் நடத்திய ஆய்வை வெளியிட்டனர்: குறைமாதப் பிரசவம் வரும் என்று தெரிந்தவுடன் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் சிசுவின் நுரையீரல் விரைவாக முதிர்கிறது. உடலின் நாட்காட்டியை மனிதர் வேண்டுமென்றே முன்னே தள்ளிய அரிய இடம் இது.

பின்னே இழுத்துப் பிடித்த இடமும் ஒன்று உண்டு. சிசுவுக்கு நுரையீரல் தேவையில்லை. ஆக்சிஜன் தொப்புள்கொடி வழியாக வருகிறது. எனவே இரத்தத்தின் பெரும்பகுதி, இதயத்தின் மேலறைகளுக்கு இடையிலுள்ள துளை வழியாகவும், நுரையீரல் தமனியைப் பெருந்தமனியோடு இணைக்கும் குறுநாளம் வழியாகவும் நுரையீரலைத் தவிர்த்துப் போகிறது. முதல் மூச்சோடு நுரையீரல் விரிந்து, அழுத்தங்கள் தலைகீழாக மாற, துளையின் மடல் மூடிக்கொள்கிறது. பெரியவர்களில் நான்கில் ஒருவருக்கு அது முழுக்க ஒட்டாமலே இருப்பதும், பெரும்பாலோர் அதை அறியாமலே வாழ்ந்து முடிப்பதும் உண்டு. குறுநாளம் ஒன்றிரண்டு நாளில் சுருங்கி அடைகிறது. ஆக்சிஜன் கூடுவதும், நஞ்சுக்கொடியிலிருந்து வந்த புரோஸ்டாகிளாண்டின் குறைவதும் அதற்கான சமிக்ஞைகள். ஆனால் சில இதயக் குறைகளோடு பிறக்கும் குழந்தைகளுக்கு அந்த நாளம் ஒன்றுதான் உயிர்வழி. இரண்டாம் நாள் வரை நன்றாக இருந்த குழந்தை திடீரென நீலம் பாரிப்பது இதனால்தான். 1970-களின் நடுவில் மருத்துவர்கள் புரோஸ்டாகிளாண்டினையே இரத்தக் குழாய் வழியாகச் செலுத்தி, அறுவைச் சிகிச்சைக்கு ஏற்பாடு செய்யும்வரை நாளத்தைத் திறந்தே வைக்கக் கற்றுக்கொண்டார்கள். குறைமாதக் குழந்தைகளில் மூட வேண்டிய நாளம் மூடாமல் தொல்லை தரும்போது, புரோஸ்டாகிளாண்டினைத் தடுக்கும் இண்டோமெதசின், இபுபுரோஃபென் போன்ற மருந்துகளைக் கொடுத்து மூடச் செய்கிறார்கள். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தாய் இதே வகை வலிநிவாரணிகளைத் தானாக வாங்கி விழுங்கக் கூடாது என்று மருத்துவர்கள் கண்டிப்பாகச் சொல்வதும், பிறக்கும் முன்பே அந்த நாளம் சுருங்கிவிடக்கூடும் என்பதால்தான்.